எழுத்துக்கு விடுதலை

நூலை எழுதியவனுக்கு அதன்மேல் உரிமை உண்டு என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. உழுதவனுக்கு விளைச்சலில் பங்கு வேண்டும் என்று வாதாடும் நாம், எழுதியவனுக்கு மட்டும் ஊதியம் வேண்டாம் என்று கூற ஒருநாளும் துணியமாட்டோம். ஆயினும் அந்த உரிமை எத்தனை காலம் நீடிக்கவேண்டும், எவர் கையில் தங்கவேண்டும், நூலாசிரியனே அதைத் தன் விருப்பப்படி தளர்த்திப் பொதுஜனங்களுக்கு வழங்க வழி உண்டா என்ற கேள்விகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இந்தக் கேள்விகளை உலகத்திலேயே முதன்மையாக எழுப்பி, துணிந்து விடையும் கண்ட நாடுகளுள் தமிழ்நாடு ஒன்று என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். அந்த விடையில் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிட்டோம் என்பது நமக்குக் கவலை தரும் விஷயம். மறந்த பாதியை நினைவூட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அச்சு வருவதற்கு முன் நமது நாட்டில் நூல்கள் வாழ்ந்தது பிரதி செய்தவர்களின் தயவால்தான். ஓலை சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துப் போகும், அதற்குள் ஒருவர் அதைப் பார்த்து வேறு ஓலையில் பெயர்த்தெழுதினால் நூல் பிழைக்கும், இல்லையேல் மடியும். அவ்வாறு எழுதிவைத்தவரை எவரும் திருடர் என்று சொல்லவில்லை; புண்ணியவான் என்றே போற்றினர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இந்தத் தொண்டேயாகும்.

அச்சு யந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. ஒரே நாளில் ஆயிரம் பிரதிகள் எடுக்க முடிந்தபோது, நூலாசிரியனுக்கும் பதிப்பாளனுக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டது. 1710-இல் இங்கிலாந்தில் அமலுக்கு வந்த சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பு அளித்தது. ஆசிரியர் அப்போதும் உயிருடன் இருந்தால் இன்னும் 14 ஆண்டு. பதிப்புரிமை என்பது பிறந்தபோது இவ்வளவே. நூலாசிரியன் ஜீவனம் செய்யச் சில ஆண்டுகள். பிறகு நூல் ஊருக்குப் பொது. இந்த நியாயமான ஏற்பாடு எப்படி வளர்ந்து வளர்ந்து இன்றைய உருவம் பெற்றது என்பதைப் பின்னர் கூறுவோம். முதலில் நமது வீட்டுக் கதையைப் பார்ப்போம்.

பாரதி பாடல்கள் பட்ட பாடு

பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானபோது அவர் குடும்பத்துக்கு விட்டுச் சென்ற செல்வம் அவருடைய எழுத்துக்களைத் தவிர வேறொன்றுமில்லை. அவருடைய மனைவியார் செல்லம்மாள் அவற்றுள் சிலவற்றைத் தாமே வெளியிட முயன்றார்; முயற்சி நீடிக்கவில்லை. நூல்களை வெளியிடும் உரிமை பின்னர் பாரதியாரின் சகோதரர் ஸ்ரீ விசுவநாதனிடம் வந்து சேர்ந்தது. 1928-இல் பர்மா சர்க்காரும், அதைத் தொடர்ந்து சென்னை சர்க்காரும் பாரதியின் தேசிய கீதங்களுக்குத் தடை விதித்துப் பிரதிகளைக் கைப்பற்றின. சென்னைச் சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி அந்த அடக்குமுறையைக் கண்டித்து முழங்கியது தேசிய இயக்கத்தின் சரித்திரத்தில் இடம் பெற்ற நிகழ்ச்சி.

அந்நிய ஆட்சி விதித்த தடை ஒருவகை. அதைப் பாடியே மீறலாம், ஜனங்களும் மீறினார்கள். மற்றொரு வகைத் தடை சத்தமின்றி வந்தது. பாடல்களைப் பேசும் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து ஒரு வியாபாரியின் கைக்குப் போயிற்று. அவரிடமிருந்து 1946-இல் படத்தயாரிப்பாளர் ஸ்ரீ ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதை விலைக்கு வாங்கினார். 1947-இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமை வழக்கு எழுந்தது. தேசத்தின் விடுதலையைப் பாடிய கவியின் பாட்டை, விடுதலை பெற்ற தேசத்தில் பாடுவதற்கு ஒருவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டுமா என்று ஜனங்கள் கேட்டார்கள்.

ஸ்ரீ நாரண துரைக்கண்ணன், ஸ்ரீ திருலோக சீதாராம் முதலிய எழுத்தாளர்கள் 1948-இல் பாரதி விடுதலைக் கழகத்தின் மூலம் கிளர்ச்சியை முன்னின்று நடத்தினர். அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமர். ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரி. சர்க்கார் செவிசாய்த்தனர். ஸ்ரீ மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் ஏதும் பெறாமலே ஒப்படைத்தார். ஸ்ரீ விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் புதல்வியர் இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 1949-இல் உரிமை சர்க்காருக்கு வந்தது. 1955-இல் பொதுஜனங்களுக்கு உரியதாயிற்று. அன்று முதல் எந்த ஊர் அச்சகமும் பாரதியை அச்சிடலாம். எந்தப் பள்ளிக்கூடமும் நாடகமாக்கலாம். எவரும் எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. நாலணாப் பதிப்பிலிருந்து ஆராய்ச்சிப் பதிப்பு வரை பாரதி வீடுதோறும் புகுந்ததற்கு இந்தத் தீர்மானமே வாயில் திறந்தது. சட்டம் தன்போக்கில் வழிவிடட்டும் என்று காத்திருந்தால், 1971 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இதனோடு வங்காளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மகாகவி ரவீந்திரநாதர் 1941-இல் மறைந்தார். 50 ஆண்டுப் பாதுகாப்பு 1991-இல் முடியும் தறுவாயில், அவருடைய உரிமையைக் கொண்டிருந்த விசுவபாரதிக்கு மேலும் காலம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதற்கு இணங்கிய பார்லிமெண்ட், ஒருவருக்காக அன்றி எல்லா நூலாசிரியருக்குமாகப் பாதுகாப்புக் காலத்தை 60 ஆண்டாக நீட்டிவிட்டது. தாகூரின் எழுத்து பொதுவாவதற்கு 2001 முடியும் வரை தேசம் காத்திருந்தது. ஒரே தேசத்தின் இரு பெருங்கவிகள். ஒருவர் எழுத்தை முன்கூட்டி விடுவித்தோம், மற்றவர் எழுத்தைப் பூட்டிவைக்கும் காலத்தை நீட்டினோம். இரண்டில் எது கவிக்குச் செய்த மரியாதை என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

காலக் கணக்கு

இன்றுள்ள இந்தியச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அதன்படி, நூலாசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை உரிமை நிலைத்திருக்கும். முப்பதாம் வயதில் ஒருவர் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டு எண்பதாம் வயதில் மறைந்தால், அந்தத் தொகுதி 110 ஆண்டு பூட்டில் இருக்கும். அந்த 110 ஆண்டும் அது விற்பனையில் இருக்குமா? தமிழ் நூல் உலகை அறிந்தவர் எவரும் இருக்கும் என்று சொல்லமாட்டார். பெரும்பாலான நூல்கள் ஒரு பதிப்போடு நின்றுவிடுகின்றன. பதிப்பகம் மூடப்படுகிறது, வாரிசுகள் பல திசைகளில் பிரிகிறார்கள், உரிமை எவருடையது என்பதே தெரியாமற் போகிறது. வெளியிட விரும்புகிறவர் வழக்குக்கு அஞ்சிக் கைவிடுகிறார். கடைசிப் பிரதி ஏதோ ஒரு வாசகசாலையில் பூச்சிக்கு இரையாகிறது. யாருக்கும் பணம் தராமலே, யாரும் படிக்காமலும் தடுத்து நிற்கிறது அந்த உரிமை.

பிரதி ஒன்றே இருப்பதன் ஆபத்தைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. அந்த நஷ்டத்தை அனுபவித்த சமூகத்தினரே பின்னர் 2005-இல் ‘நூலகம்’ என்ற எண்ணிமத் திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்து இணையத்தில் சேர்த்து வருகின்றனர். பல இடங்களில் பிரதி உள்ள நூலை ஒரு தீக்குச்சியால் அழிக்க முடியாது. ஆகவே பிரதி செய்யும் அனுமதி என்பது தாராள குணம் மட்டுமன்று. அது நூலின் உயிருக்கே காப்பு.

உரிமை துறந்த பெரியோர்

தம் எழுத்தைத் தாமே பொதுவாக்கியவர்கள் முன்னும் இருந்தனர். ருஷ்ய ஞானி டால்ஸ்டாய், 1881-க்குப் பின் எழுதியவற்றை எவரும் அச்சிடலாம் என்று 1891-இல் பகிரங்கமாக அறிவித்தார். அவரைத் தம் ஆசான்களுள் ஒருவராகக் கொண்ட மகாத்மா காந்தி, தென்னாப்பிரிக்காவிலுள்ள பீனிக்ஸ் அச்சகத்திலிருந்து ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலின் ஆங்கிலப் பதிப்பை 1910-இல் வெளியிட்டபோது, எந்த உரிமையும் ஒதுக்கிவைக்கப்படவில்லை என்ற வாசகத்தை அதில் பொறித்தார். அவ்வாண்டிலேயே பம்பாய் சர்க்கார் அதன் குஜராத்திப் பதிப்பைத் தடை செய்தனர். சர்க்கார் பூட்டிய நூலை ஆசிரியர் திறந்துவிட்டார். எவரும் அச்சிடலாம் என்றால் எத்தனை அச்சகங்களைத்தான் பூட்டுவார்கள்! பின்னாளில், தம் சொற்கள் திரிக்கப்படாமல் இருக்கவும் தொண்டுக்கு வருவாய் சேரவும் கருதி, அவர் தம் எழுத்துரிமையை நவஜீவன் ஸ்தாபனத்துக்கு அளித்தார் என்பதும் உண்மை. 2009 முதல் அதுவும் பொதுவாகிவிட்டது. திறப்பதற்கும் காப்பதற்கும் தக்க காரணங்கள் உண்டு என்பதையும், அதை முடிவு செய்யவேண்டியவர் ஆசிரியரே என்பதையும் இவ்விரு செயல்களும் காட்டுகின்றன.

ஆனால் டால்ஸ்டாய்க்கும் காந்தியடிகளுக்கும் இருந்த வழி இரண்டே. முழுவதும் வைத்துக்கொள்ளலாம், அல்லது முழுவதும் விட்டுவிடலாம். நடுவே ஒரு வழியும் சட்டபூர்வமாக அமைந்திருக்கவில்லை. அந்த நடுவழிதான் நமது காலத்தில் பிறந்திருக்கிறது.

அமெரிக்காவில் பிறந்த வழி

1998-இல் அமெரிக்கக் காங்கிரஸ் பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டு நீட்டி, ஆசிரியர் மறைவுக்குப்பின் 70 ஆண்டு என்று ஆக்கியது. உரிமை தீர்ந்த பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வந்த எரிக் எல்ட்ரெட் என்பவர் இதை எதிர்த்து வழக்காடினார். அவருக்காக வாதித்தவர் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக். 2003 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு நீதிபதிகள் சட்டத்தை ஆதரித்தனர், இருவரே மறுத்தனர். வழக்குத் தோற்றது. ஆனால் அதற்கு முன்பே, 2001-இல், அவர்கள் வேறு சிலருடன் சேர்ந்து ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற ஸ்தாபனத்தை நிறுவியிருந்தனர். 2002 டிசம்பரில் அதன் முதல் உரிமங்கள் வெளிவந்தன. சட்டத்தை மாற்ற இயலாவிட்டால், சட்டம் ஆசிரியனுக்குத் தரும் அதிகாரத்தைக் கொண்டே வாசகனுக்குக் கதவைத் திறப்போம் என்பது அவர்கள் கண்ட யுக்தி. கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோரிடையே ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட பொது உரிமம் இதற்கு முன்னோடி.

இதன் முறை மிகவும் எளியது. உரிமை ஆசிரியரிடமே இருக்கும். அவர் தம் நூலின்மேல் ஒரு வரி அறிவிப்பைச் சேர்த்து, எவரும் பிரதி செய்யலாம், பரப்பலாம் என்று முன்கூட்டியே அனுமதி தந்துவிடுகிறார். அதற்கு நான்கு நிபந்தனைகளுள் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவது, ஆசிரியர் பெயரைக் குறிப்பிடவேண்டும் என்பது. ஆறு உரிமங்களிலும் இது உண்டு. இரண்டாவது, வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது. மூன்றாவது, மாற்றியமைத்து வெளியிடலாகாது என்பது. நான்காவது, மாற்றியமைத்தால் அதனையும் இதே நிபந்தனையோடு பிறருக்குத் திறந்துவிடவேண்டும் என்பது. எல்லாவற்றையும் துறக்க விரும்புவோருக்கு, நிபந்தனையே இல்லாத மற்றொரு பத்திரமும் உண்டு. கையெழுத்தோ முத்திரையோ வக்கீலோ வேண்டியதில்லை.

இவற்றுள் மூன்றாவது நிபந்தனையைப் பற்றி நமது எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். மாற்றலாகாது என்றால் மொழிபெயர்ப்பு வெளியிடவும் கூடாது என்று பொருள். தம் எழுத்து தெலுங்கிலும் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் செல்லவேண்டும் என்று விரும்புகிறவர் அதைச் சேர்க்குமுன் யோசிக்கவேண்டும்.

இந்த வழியின் பலனைத் தமிழிலேயே காணலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அத்தனையும், பெயர் சொல்லி எடுத்தாளலாம், அவ்வாறே பிறருக்கும் திறந்துவைக்கவேண்டும் என்ற நிபந்தனையின்கீழ் உள்ளவை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தொண்டர்கள் தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் தந்த நூல்களைக் கூலியின்றிப் பரப்பி வருகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட 2000-க்கு மேற்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக விக்கிமூலத்துக்கு வந்து, தொண்டர்களால் மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. ஏடு பெயர்த்தெழுதிய புண்ணியவான்களின் பரம்பரை அற்றுப் போகவில்லை என்பதற்கு இவை சாட்சி.

ஆட்சேபங்கள்

எழுத்தாளன் எப்படிப் பிழைப்பான் என்பது முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். செல்லம்மாள் பட்ட வறுமையை அறிந்தவர்கள் இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. எழுத்தாளன் தன் எல்லா நூல்களையும் இன்றே திறந்துவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. விற்பனையாகும் நூலை விற்கட்டும். அச்சில் இல்லாத, பதிப்பாளரும் தீண்டாத பழைய நூலைத் திறந்துவிட்டால் அவன் இழப்பது என்ன? வியாபாரம் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தால் படமெடுப்பவரும் பதிப்பாளரும் அவனிடம் வந்து பணம் கொடுத்தே அனுமதி பெறவேண்டும். மாணவனும் ஏழை வாசகனும் மட்டும் இலவசமாகப் படிப்பார்கள்.

பிறர் நூலை அனுமதியின்றிப் படமெடுத்து இணையத்தில் வீசுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். இல்லை என்று உறுதியாகக் கூறுவோம். இன்று வெளியான நூலை நாளையே களவாகப் பரப்புவது, சிறு பதிப்பாளரின் முதலையும் எழுத்தாளனின் ராயல்டியையும் பறிப்பதாகும். தானம் என்பது பொருளுக்கு உரியவன் கொடுப்பது. அடுத்தவன் வீட்டு நெல்லை அள்ளி அன்னதானம் செய்பவனை எவரும் தர்மவான் என்று சொல்வதில்லை. உரிமையை மதிப்பதால்தான் உரிமையாளனிடம் நாம் வேண்டுகோள் விடுக்கிறோம்.

ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாதே என்பது மூன்றாவது. உண்மை. இந்த உரிமங்கள் மீட்க முடியாதவை. அன்றுவரை பெற்றுக்கொண்டவரின் உரிமை தொடரும். ஆகவே ஆய்ந்து செய்யவேண்டிய காரியந்தான். ஆய்ந்து செய்யுங்கள் என்பதற்கும் செய்யாதீர்கள் என்பதற்கும் வேறுபாடு உண்டு.

செய்யவேண்டியவை

பாரதிக்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி, குடும்பத்தினருக்குப் பரிவுத் தொகை வழங்கியிருக்கிறது. வேறெந்த ராஜ்யமும் இவ்வளவு விரிவாகச் செய்ததாக நாம் அறியோம். ஆயினும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் எழுத்தாளர் மறைவுக்குப்பின் சர்க்காரின் கருணையை எதிர்பார்த்து நிற்பது. எவர் பட்டியலில் இடம்பெறுவார், எவர் விடுபடுவார் என்பதை எழுத்தாளர் தீர்மானிப்பதில்லை. 1949-இல் கவி உயிருடன் இல்லை. ஆகவே சர்க்கார் அவர் சார்பில் செய்தனர். உயிரோடிருக்கும் எழுத்தாளர் தாமே செய்யலாம் என்பதே நாம் மறந்துவிட்ட மறுபாதி. நமது சட்டமும் இதற்கு இடம் தருகிறது: ஆசிரியர் தம் உரிமையை முழுவதுமோ ஒரு பகுதியோ துறக்க 21-ஆம் பிரிவு வகை செய்கிறது, 2012-இல் வந்த திருத்தத்தின்படி ஒரு பொது அறிவிப்பே அதற்குப் போதும்.

எழுத்தாளர்களுக்கு நமது வேண்டுகோள் இது: அச்சில் இல்லாத உங்கள் நூல்களின் பட்டியலை எடுங்கள். பதிப்பாளரோடு செய்த ஒப்பந்தத்தைப் படியுங்கள். உரிமை உங்களிடம் இருக்கிறதா, அவரிடம் போய்விட்டதா என்று பாருங்கள். உங்களிடம் இருப்பவற்றுள் ஒன்றையேனும் தக்க நிபந்தனையோடு திறந்துவிடுங்கள். மற்றவற்றுக்கு, உங்களுக்குப் பின் எவர் முடிவு செய்யவேண்டும் என்பதை உயிலில் எழுதி வையுங்கள். வாரிசுகள் ஊரூராகப் பிரிந்தபின் தேடித் திரிய எவரும் வரமாட்டார்கள்.

சர்க்காருக்கும் சர்வகலாசாலைகளுக்கும் நமது கோரிக்கை இன்னும் கண்டிப்பானது. வரிப்பணத்தில் எழுதப்படும் பாடநூலும், தொகுக்கப்படும் அகராதியும், களஞ்சியமும், ஆராய்ச்சியும் ஏற்கெனவே ஜனங்கள் விலை கொடுத்து வாங்கியவை. இரண்டாம் முறை அவர்கள் அனுமதி கேட்டு வாசலில் நிற்பது நீதியன்று. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பது மட்டும் போதாது. படிக்க விடுவது வேறு; எடுத்து அச்சிடவும், திருத்தவும், பார்வையற்றோருக்கு ஒலிநூலாக்கவும் விடுவது வேறு. அமெரிக்க மத்திய சர்க்காரின் வெளியீடுகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. நமது நாட்டிலோ சர்க்கார் வெளியீட்டுக்கும் 60 ஆண்டுப் பூட்டு உண்டு. கல்விப் பொருள்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுமாறு யுனெஸ்கோ 2019-இல் பரிந்துரைத்திருக்கிறது. மத்திய சர்க்கார் தம் புள்ளிவிவரங்களுக்கு 2017-இல் ஒரு திறந்த உரிமத்தை வகுத்தனர். புள்ளிவிவரத்துக்குத் திறந்த கதவு பாடநூலுக்கு மட்டும் ஏன் மூடியிருக்கவேண்டும்? பொதுப் பணம் பெறும் ஒவ்வொரு நூலின் முதற் பக்கத்திலும் திறந்த உரிம அறிவிப்பு இருக்கவேண்டும் என்று ஒரு அரசாணை பிறப்பித்தால் போதும். கஜானாவிலிருந்து ஒரு காசும் செலவில்லை.

1949-இல் நமது முன்னோர் ஒரு கவியின் பாட்டை விலைகொடுத்து மீட்டார்கள். இன்று விலையே இல்லாமல் ஆயிரம் நூல்களை மீட்கும் சாதனம் நமது கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால், செல்லரித்த ஏட்டுக்குக் காலத்தைக் குறை கூறியதுபோல், மறைந்த அச்சு நூலுக்கு வேறெதையும் நாம் குறை கூற முடியாது. தமிழ் எழுத்தாளர்களும், பதிப்பாளர்களும், ராஜாங்கத்தை நடத்துவோரும் இதைச் சிந்தித்துக் காலதாமதமின்றிச் செயலில் இறங்குவார்களாக.